மழை பிடித்துவிட்டது, தொட்டித் தண்ணீரைக் கவனியுங்கள்

தென்மேல் பருவமழை சப்ரகமுவ மலைகளில் இறங்கிவிட்டது. லயத்து வாசலில் மீன் வளர்ப்பவர்கள் இனி செப்டம்பர் வரை தீனியைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அப்படிப்பட்ட மென்னீரில் செம்பும் நாகமும் சிறிதளவு கலந்தாலும் மீனுக்கு நஞ்சுதான். ஈரக்காலத்தில் தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய்க்கு அடிக்கிற மருந்துகளில் செம்பு உண்டு. புல்லுக்கு அடித்த மருந்தும் அடுத்த மழையோடு கானில் இறங்கிவிடும். ஆகவே மருந்தடித்த மலைக்குக் கீழேயுள்ள பீலியில் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். எந்த மலையில் என்றைக்கு அடித்தார்கள் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கேளுங்கள். தகரக் கூரையில் வழிவதும் வேண்டாம், அதில் நாகப் பூச்சு கரைந்து வரும். கலங்கல் தெளிந்த நாளில் பிடித்து, மூடி வைத்து, ஒரு தடவைக்குக் கால்வாசி மட்டும் மாற்றுங்கள்.

வெளியிலுள்ள சீமெந்துத் தொட்டி நிரம்பி வழிந்தால் மீன் கானுக்கும், கானிலிருந்து ஓடைக்கும் போய்விடும். அழகுக்காக இறக்குமதியான கத்தி மீன் இன்று நம் குளங்களிலும் ஆறுகளிலும் சின்ன மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. தண்ணீர் வழியும் துளைக்கு நைலோன் வலை கட்டுங்கள். வெறும் பேசின், வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மீன்காரர் வீட்டுக்கு விலக்குத் தரமாட்டார்கள்.

இடி முழங்கினால் காற்று மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாமல், கோப்பையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் ஒட்சிசன் சேரும்.

கப்பிக்கு இந்த மென்னீர் அவ்வளவாக ஒத்துவராது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரிடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டு நின்றால், உடனே மருந்து ஊற்றாமல், கழுவிய சிப்பி ஓட்டை ஒரு கைப்பிடி துணியில் கட்டித் தொட்டியில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் குஞ்சு எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதே தண்ணீர் வரம். களனி கங்கை முதல் நில்வள கங்கை வரை நிழலோடைகளில் வாழும் செரி பார்ப், உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத நம் நாட்டு மீன். 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகும் அதை இங்கே வளர்க்காமல் கப்பியோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புரிவதில்லை. ஓடையில் போய்ப் பிடிக்காதீர்கள், தொட்டியில் பிறந்ததையே வாங்குங்கள். இன்னொரு நாட்டு மீனின் கதியைப் பாருங்கள்: கேகாலையின் கலப்பிட்டமடைப் பக்கம் ஒரேயொரு ஓடையில் கண்டறிந்து 1991இல் பெயரிட்ட பந்துல பார்ப், இன்று முற்றாக அழியும் விளிம்பில் நிற்கிறது.

செரி பார்ப்பில் ஆணையும் பெண்ணையும் ஒரு வாரம் பிரித்து வைத்து, புழுத்தீனி கொடுங்கள். 20 லீற்றர் தொட்டியில் பாசி அல்லது நைலோன் நூல் கொத்து நிறையப் போட்டு, மாலையில் சேர்த்து விடுங்கள். காலையில் பெண் முட்டைகளைச் சிதறவிட்டதும் இரண்டையும் வெளியே எடுங்கள், இல்லையேல் முட்டைகளைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சுக்குத் தூள் தீனி வாயில் நுழையாது. ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே போத்தலில் பழைய தொட்டித் தண்ணீரும் வாடிய கோவா இலையும் போட்டு வைத்தால் நுண்ணுயிர் பெருகியிருக்கும். போத்தல் வாயைத் துணியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் மீன்குஞ்சுக்கு முன்னே நுளம்புக் குஞ்சு வந்துவிடும்.