காத்தடிக்கிற பம்பு: பார்த்து வாங்குவோம், நாமே பழுது பார்ப்போம்



பம்பைப் பத்திக் கோயம்புத்தூர்க்காரங்களுக்குப் பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கிணற்று மோட்டாரும் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் நம்முடையது. இந்தப் பாடம் அந்தப் பெரிய பம்பைப் பற்றியது அல்ல. வீட்டு மூலையில் சாத்தி வைக்கிற, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற சின்னப் பம்பைப் பற்றியது.

இது சின்ன விஷயமா? யோசித்துப் பாருங்கள். 1991, 1992-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போய்வர அது கை கொடுத்தது. இன்று நம் பிள்ளைகள் அரசு தரும் இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நம்மில் பலர் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் தோட்ட வேலைக்கும் சைக்கிளில்தான் போகிறோம். டயரில் காத்து இல்லை என்றால் அன்றைக்கு ஷிஃப்ட் போச்சு, கூலியும் போச்சு. காலை ஆறு மணிக்கு எந்தச் சைக்கிள் கடை திறந்திருக்கும்?

காத்து குறைந்த வண்டியை அப்படியே ஓட்டினால் மிதிப்பது கஷ்டம். அதோடு போகாது. டயரின் பக்கச்சுவர் வெடிக்கும், பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கு நடுவில் டியூப் சிக்கிக் கிழியும். நல்ல டியூபிலும் காத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். ஆகவே வாரம் ஒருமுறை அடிப்பது நல்லது. குழுவுக்கு ஒரு பொதுப் பம்பு இருந்தால் எல்லோருக்கும் ஆகும்.

நம்ம ஊரில் நடந்த ஒரு சோதனை

ஊர்ப் பொது அடிபம்பை எல்லோரும் அடித்திருப்போம். 'இந்தியா மார்க் 2' என்ற அந்தப் பம்பு 1970-களில் உருவானது. அதற்குள்ளே ஓடும் வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆளும் வெளியிலிருந்து வரணும். வரும்வரை நம் பெண்கள் குடத்தோடு தூரத்துக்கு நடக்கணும்.

1983 முதல் 1988 வரை நம் கோவை மாவட்டத்தில்தான், உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, இந்தப் பம்புகளை ஊர்களில் வைத்துச் சோதித்தார்கள். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டபோது அதிக நாள் உழைத்தது. குழாயை அகலமாக்கியதால், அதைத் தூக்காமலேயே கம்பியோடு சேர்த்து வாஷரை வெளியே எடுக்க முடிந்தது. அப்படி வந்ததுதான் 'இந்தியா மார்க் 3'.

இதில் நமக்குப் பாடம் என்ன? தேயாத பம்பு உலகத்தில் கிடையாது. தேய்கிற பாகத்தை, உபயோகிக்கிறவரே எளிதாக எடுத்து மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. சைக்கிள் பம்புக்கும் இதே கேள்விதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. குழாயின் அகலம். பெரிய பம்பு வாங்கினால் சீக்கிரம் காத்து ஏறும் என்று நினைக்கிறோம். முழு உண்மை அதுவல்ல. டயரில் 50 பி.எஸ்.ஐ. காத்து ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் மூன்றரை கிலோ அழுத்தம். குழாயின் உள் அகலம் 3 செ.மீ. என்றால் கடைசி அடிக்கு சுமார் 25 கிலோ எடை அழுத்தணும். 4 செ.மீ. என்றால் 44 கிலோ. 5 செ.மீ. என்றால் 69 கிலோ! நம் பிள்ளைகளின் உடம்பு எடையே அவ்வளவு இருக்காது. ஒல்லிக் குழாயில் ஏறக்குறைய 30 அடி அடிக்க வேண்டியிருக்கும், அகலக் குழாயில் பாதி போதும். ஆனால் 30 அடியை எல்லோரும் அடிக்கலாம். எனவே 3 முதல் 3.5 செ.மீ. வரை நமக்குத் தோது.

2. மேல் மூடி. மரை போட்டுத் திருகிக் கழற்றுகிற மூடியா, அல்லது அடித்து மடக்கி மூடியதா என்று பாருங்கள். மடக்கி மூடிய பம்பைத் திறக்க முடியாது. வாஷர் போனால் பம்பே போச்சு.

3. வாஷர். கடைக்காரரிடம் தைரியமாகக் கேளுங்கள்: "அண்ணா, இதுக்கு வாஷர் தனியாக் கிடைக்குங்களா?" கிடைக்கும் என்றால் அப்போதே இரண்டு வாங்கி வையுங்கள். கிடைக்காது என்றால் அந்தப் பம்பு வேண்டாம்.

4. குழாயும் கம்பியும். இரும்புக் குழாய் ஒடுக்கு விழாமல் நேராக இருக்கணும். கம்பியை முழுக்க இழுத்துப் பாருங்கள், வளைவு இருந்தால் தெரிந்துவிடும்.

5. அடித்தகடு. இரண்டு காலும் வைத்து நிற்க இடம் இருக்கணும். அடிக்கும்போது ஆடக் கூடாது.

6. ரப்பர் ஹோஸ். இரண்டு முனையிலும் திருகு கிளிப் போட்டிருந்தால் வெடித்த ஹோஸை வெட்டி மீண்டும் மாட்டலாம். ஒட்டி வைத்த ஹோஸ் என்றால் கஷ்டம்.

7. வால்வு. சாதாரண சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு இருக்கும். புது மாடல் கியர் சைக்கிள் சிலவற்றில் மோட்டார் பைக்கில் உள்ள மாதிரி வால்வு. குழுவில் எந்தெந்த வண்டி இருக்கிறதோ அதற்கெல்லாம் பொருந்தும் வாய் பம்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

8. மீட்டர். இருந்தால் நல்லது. ஆனால் அது பழுதானாலும் பம்பு வேலை செய்யணும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

கடையிலேயே ஒரு சோதனை: ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாக அழுத்துங்கள். பாதியில் நின்று எதிர்க்கணும். சும்மா கீழே இறங்கினால் வேறு பம்பு எடுக்கச் சொல்லுங்கள். குழுவில் மெலிந்த ஒருவரையும் கூட்டிப் போய் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பது எப்படி?

அடித்தால் கனமே தெரியவில்லை, காத்தும் ஏறவில்லை: வாஷர் காய்ந்திருக்கும். மூடியைக் கழற்றிக் கம்பியை வெளியே எடுங்கள். தோல் வாஷர் என்றால் விளக்கெண்ணெயில் (நம்ம பக்கம் கொட்டமுத்து எண்ணெய்) ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் அதன் ஓரத்தை விரலால் மெல்ல விரித்துவிட்டு மாட்டுங்கள். கிண்ணத்தின் வாய் கீழே பார்த்து இருக்கணும். தலைகீழாக மாட்டினால் காத்து ஏறாது. ஓரம் கிழிந்திருந்தால் புது வாஷர் போடுங்கள்.

கைப்பிடி தானாக மேலே எழும்புகிறது: டயரில் ஏறிய காத்து திரும்பி வருகிறது. வால்டியூப்பை மாற்றுங்கள். பம்பின் அடியில் வால்வு இருந்தால் அதில் மண் சேர்ந்திருக்கிறதா என்று துடையுங்கள்.

ஹோஸ் பக்கம் 'உஸ்' சத்தம்: கிளிப்பை முறுக்குங்கள். வெடிப்பு இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மாட்டுங்கள்.

ரப்பர் வாஷருக்கு மண்ணெண்ணெய், டீசல், வண்டி ஆயில் போடக் கூடாது, ரப்பர் உப்பிப் போகும். பம்பை வெயிலில் போடாதீர்கள். ஹோஸைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

நம் குழுவில் எத்தனை வீட்டில் சைக்கிள் இருக்கிறது? பம்பு யார் வீட்டில் இருந்தால் விடியற்காலையிலும் எடுக்க முடியும்? வாஷர் மாற்ற இரண்டு பேராவது கற்றுக்கொள்ள முன்வருவார்களா?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்: வாங்கிய தேதி, விலை, வாஷர் மாற்றிய தேதி, பொறுப்பாளர் பெயர். பத்தாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, ஒருமுறை பம்பைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கழற்ற பயப்படாத கைக்கு, நாளைக்குத் தையல் மிஷினும் கிரைண்டரும் பெரிய விஷயமில்லைங்க.