உயர் இனக் குதிரையும் ஏழு பேர்ச்சஸ் காணியும்



திம்புள்ளப் பகுதியில் நாம் சந்திக்கும் குடும்பங்கள் பலவும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. "பாதர், நல்ல சாதி மாடு ஒண்ணு கடனுக்குக் குடுக்குறாங்களாம். எடுக்கலாமா?" மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கத்தில் வீட்டை விட்டவர்கள், மண்சரிவினால் லயத்தை இழந்தவர்கள், 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், போரினால் மறுபடியும் பெயர்ந்து உறவினரிடம் வந்து சேர்ந்தவர்கள் என்று எல்லோரிடமும் இக்கேள்வி உண்டு. கையில் எதுவும் இல்லாதவருக்கு ஒரு பசு என்பது பெரிய நம்பிக்கை. ஆனால் அதே பசு ஒரு குடும்பத்தை மேலும் கடனில் தள்ளிவிடவும் கூடும். எனவே ஒரே சொல்லில் பதில் தராமல், இதே மலையில் நடந்த ஒரு பண்ணை முயற்சியை முதலில் எடுத்து நோக்குவோம். அதைச் செய்தவர் ஏழை அல்லர். பணமும் அரசின் தயவும் நிறைய உடையவர்.

பேக்கர் துரையின் பண்ணை

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் காய்ச்சலிலிருந்து தேறுவதற்காக நுவரெலியாவுக்கு வந்தார். குளிர்ந்த காற்றையும் பச்சைப் புல்வெளியையும் கண்டதும், இங்கே இங்கிலாந்துப் பண்ணை ஒன்றையே அமைத்துவிடலாம் என்று எண்ணினார். ஏக்கர் இருபது ஷில்லிங் வீதம் அரசிடமிருந்து பெருங்காணி வாங்கினார். இன்று மஹகஸ்தொட்டை என்று நாம் அறியும் இடமே அது. 1848 இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் பண்ணைக் கருவிகள், குடியேறும் வேலையாட்கள், ஒரு மேற்பார்வையாளர், அவர்களோடு கால்நடைகள் யாவும் அனுப்பப்பட்டன.

அந்தக் கால்நடைப் பட்டியலைப் பாருங்கள். டர்ஹம், அயர்ஷயர் இரண்டும் கலந்த காளை ஒன்று. நல்ல இன டர்ஹம் பசு ஒன்று. சவுத்டவுன், லெஸ்டர், கொட்ஸ்வோல்ட் என்று மூன்று இனத்துக் கிடாய்கள். இவற்றுக்கு மேல் ஒரு பொலிகுதிரை. சும்மா குதிரை அல்ல. இங்கிலாந்தின் பெரிய பந்தயங்களில் ஒன்றான சென்ட் லெஜரை 1839 இல் வென்ற 'பன்னிரண்டாம் சார்ள்ஸ்' என்ற குதிரையின் வாரிசு. நுவரெலியாச் சித்திரைப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த நம்மவர்களுக்கு, அப்படியான இரத்தத்துக்கு என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது என்ன? கொழுத்த டர்ஹம் பசுவினால் மலையேற முடியாது என்று அதற்கெனத் தனி வண்டி செய்தார்கள். வண்டி உடைந்தது. நடக்க விட்டார்கள். பசு வழியிலேயே செத்தது. குதிரை வண்டி ஒன்று, குடிபோதையில் இருந்த குதிரைக்காரனின் பொறுப்பில் வந்தபோது பள்ளத்தில் உருண்டது. அதில் ஒரு குதிரை இறந்தது. அந்த வண்டியை மேலே இழுத்துவர அரசாங்க யானை ஒன்றை இரவல் தந்தார்கள். அதே குதிரைக்காரன் அதை ஓய்வில்லாமல் விரட்டியதில் யானையும் செத்தது. பண்ணை தொடங்கிய பின்னர் கால்நடைகளுக்குள் தொற்றுநோய் புகுந்து, சில நாட்களுக்குள் இருபத்தாறு எருதுகள் மாண்டன. முதலாண்டிலேயே ஐந்து அவுஸ்திரேலியக் குதிரைகள் போயின. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. இவற்றையெல்லாம் பேக்கர் தாமே நூலாக எழுதி வைத்திருக்கிறார். மறைக்காமல் எழுதியதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். திட்டம் தோற்றால் அறிக்கையில் அதை அழகாக மூடிவிடும் வழக்கம் நமது காலத்தில் உண்டல்லவா?

இந்த இழப்புகளில் கெட்ட அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு. ஆயினும் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. அவர் விலங்கை முதலில் கொண்டுவந்தார். அந்த விலங்கைத் தாங்கும் பாதை, தீவனம், எரு, மருந்து, பழகிய கை ஆகியவை பின்னால் வரும் என்று நம்பினார். மலையில் பச்சையாகத் தெரிவதெல்லாம் செழிப்பான மண் அல்ல. காலங்காலமாகப் பெய்த மழை மேல்மண்ணின் சத்தைக் கழுவிக் கொண்டு போயிருந்தது. எரு இல்லாமல் பயிர் வராது என்பதை அவர் பணம் செலவழித்தே கற்றார். அதற்கும் அவரிடம் பணம் இருந்தது. இருபத்தாறு எருது செத்த பிறகும் பண்ணையை நடத்தினார், 1855 இல் ஊர் திரும்பினார், பிறகு ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சிப் பயணம் செய்து புகழ் பெற்றார். நம்மிடம் இருப்பது ஒரே பசு. அது செத்தால் நமக்கு அடுத்த வருடம் என்பது இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் வாங்கிய காணி யாருக்கும் உரிமையில்லாத வெறும் காணி என்று சட்டம் சொன்னது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசுமான நிலத்துக்கு எவரும் உறுதிப் பத்திரம் காட்டாவிட்டால் அது முடிக்குரியது என்றது. கண்டிக் கிராமத்தவர் சேனை வெட்டியதும் மாடு மேய்த்ததும் பத்திரத்தில் எழுதப்படவில்லை. நிலத்தை இழந்த உங்களுக்கு இது புதுக்கதை அல்ல.

சரக்கு யார் கையில்?

திம்புள்ளையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது விலங்குகளுக்கு வேறு வேலை வந்தது. 1874 இல் ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது. அட்டனுக்கு 1884 இலும் நானுஓயாவுக்கு 1885 இலுமே வந்தது. அதுவரை அரிசியும் கருவிகளும் ஏறியதும், காப்பி இறங்கியதும் மாட்டு வண்டியில்தான். தோட்டங்களில் பட்டி கட்டி மாடு வளர்த்தார்கள். அது முக்கியமாகப் பாலுக்காக அல்ல, காப்பிச் செடிக்குச் சாணம் வேண்டும் என்பதற்காக. துரைமார் குதிரையில் போனார்கள். குதிரை அவுஸ்திரேலியாவிலிருந்தோ அரபு நாட்டிலிருந்தோ வந்தது. அதற்குக் கொள்ளு இந்தியாவிலிருந்து வந்தது. குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, அதன் பின்னால் மைல் கணக்கில் ஓடிய குதிரைக்காரரும் இந்தியாவிலிருந்தே வந்தார். ('லயம்' என்ற நமது சொல் ஆங்கிலேயரின் 'லைன்' என்பதிலிருந்து பிறந்தது, குதிரை லாயத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் காற்றும் இடமும் லாயத்தில்தான் கூடுதல் என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.)

இந்தச் சரக்கு ஓட்டத்தில் நம் மூதாதையர் எங்கே நின்றார்கள்? அரிசி தோட்டத்தில் கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கங்காணி கொடுத்த வழிச்செலவும் முற்பணமும் கடனாக எழுதப்பட்டன. அந்தக் கடன் தொகையைக் குறித்த தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறொரு தோட்டம் அந்தத் துண்டின் பணத்தைக் கட்டினால் தொழிலாளி அங்கே மாற்றப்படுவார். ஆளோடு கடனும், கடனோடு ஆளும் போனார்கள். துண்டு முறை 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்தது அந்தத் தாளை. சரக்கைத் தருபவனே கணக்கையும் எழுதுவான் என்ற பழக்கம் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. மாட்டுக் கடனைப் பற்றிப் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

வெளியிலிருந்து வரும் விலங்கு

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு நெடுந்தீவுக் குதிரைகள் தெரிந்திருக்கும். ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்ப்புக்கு நிலையம் வைத்திருந்தனர். பின்னர் ஆங்கிலேய அதிகாரி நோலன் அதைப் பார்த்துக்கொண்டார். லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. நிலையம் மறைந்துவிட்டது, குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் தங்கிவிட்டன. வறண்ட புல்லைத் தின்று, தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, அந்த மண்ணுக்கு ஏற்றவையாக மாறின. ஆயினும் கடும் வரட்சியில் அவையும் தண்ணீரின்றிச் சாகின்றன. எந்த இனமானாலும் புல்லும் தண்ணீரும் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் வாழ்வு.

இனி அண்மைக் காலம். பால் மா இறக்குமதியைக் குறைப்பதற்காக 20,000 பசுக்களை வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தனியார் பண்ணையாளருக்குக் கொடுக்கத் திட்டமிட்டார்கள். 2017 இல் முதற்கட்டமாக 5,000 பசுக்கள் வந்தன. பலரிடம் சொல்லப்பட்ட அளவு பால் கிடைக்கவில்லை. நோய், சினைபிடிக்காமை, இறப்பு என்று முறைப்பாடுகள் எழுந்தன. கடனெடுத்துக் கொட்டகை கட்டியவர்கள் கடனோடு நின்றார்கள். அந்தப் பசுக்களின் இரத்தத்தில் குறையில்லை என்றே வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு இருபது லீற்றர் பால் தரும் பசு இருபது லீற்றருக்கான தீனியைக் கேட்கும். அதைக் கொடுக்க முடியாத இடத்தில் அது தன் உடலைத்தான் பாலாக்கும், பிறகு சினைபிடிக்காது.

விலங்கோடு நோயும் பயணம் செய்யும். இந்நாட்டில் இல்லாதிருந்த வெக்கை நோய் 1987 இல் திரும்ப வந்தது, இந்தியப் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு. உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக 2011 இல் அறிவித்தார்கள், நல்ல செய்தி. ஆனால் வேறு நோய்கள் இருக்கின்றன. ஆகவே புதிய மாட்டையோ ஆட்டையோ மூன்று வாரமாவது பழையவற்றோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள்.

நம் கணக்கு

இப்போது நமது காணிக்கு வருவோம். நானூறு கிலோ எடையுள்ள பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் பத்திலொரு பங்கு, அதாவது நாற்பது கிலோ பச்சைப் புல் வேண்டும். தண்ணீர் குறைந்தது ஐம்பது லீற்றர். பால் கூடினால் அதுவும் கூடும். ஆண்டுக்குப் புல் மட்டும் பதினான்கரைத் தொன். சீ.ஓ.3 புல்லை எருவிட்டு நட்டுப் பராமரித்தால் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு அறுபது தொன் என்று வைத்துக்கொள்வோம். நமது குளிரில் இதைவிடக் குறையலாம். அப்படியென்றால் ஒரு பசுவுக்குக் கால் ஏக்கர், அதாவது நாற்பது பேர்ச்சஸ்.

தோட்ட வீட்டுத் திட்டங்களில் நமக்குத் தந்தது ஏழு பேர்ச்சஸ், சில இடங்களில் பத்து. ஏழு பேர்ச்சஸ் முழுவதிலும், வீடே கட்டாமல், புல் நட்டாலும் நாளொன்றுக்கு ஏழு கிலோதான் வரும். வீடு போக மிஞ்சும் இடத்தில் ஓர் ஆட்டுக்குப் புல் கிடைக்கும். பசுவின் தீனியில் மிகுதியெல்லாம் ஆற்றோரத்தில், ரோட்டோரத்தில், தேயிலை மலைக் கானோரத்தில் அறுத்துவர வேண்டியது. அது யாருடைய நிலம்? அறுக்கும் அனுமதி வாயால் சொன்னதா, எழுத்தில் உள்ளதா? துரை மாறினால் அனுமதியும் மாறுமா? கோடையில் அங்கே புல் இருக்குமா? கொழுந்துக்குப் போய்வந்த பெண்தான் அந்திக்குப் புல்லும் சுமக்க வேண்டுமா? பசுவின் விலையைவிட இவை முக்கியமான கேள்விகள்.

எனவே நாம் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் புல்லை நடுங்கள். அது வேர் பிடித்து இரண்டு மூன்று முறை வெட்டிப் பார்த்த பிறகு, மழை நிற்காத, தரை காயும் கொட்டகை. அதன் பின்னரே விலங்கு. பெரிய பிரீசியன் பசுவைவிட உடல் சிறுத்த ஜேர்சிக் கலப்பு நமக்குப் பொருந்தும். புல் மிகக் குறைவென்றால் ஆடே போதும். பசுவானால் நாளொன்றுக்கு இருபது கிலோவளவு சாணம் கிடைக்கும். லீக்ஸும் கரட்டும் நடுபவர்களுக்கு அதுவே பாதி வருமானம். பேக்கர் துரை எருவைக் கடைசியில் கண்டுபிடித்தார். நாம் அதிலிருந்தே தொடங்கலாம்.

பொலிகாளை வளர்க்கத் தேவையில்லை. மிருக வைத்திய அலுவலகத்தின் மூலம் செயற்கை முறையில் சினைப்படுத்தலாம். பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது அரைநாள், சற்றுக் கூடினால் பதினெட்டு மணித்தியாலம் நிற்கும். ஓயாமல் கத்தும், மற்ற மாட்டின் மேல் ஏறும், கண்ணாடி போன்ற சளி ஒழுகும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுவது வழக்கம். தவறவிட்டால் மேலும் மூன்று வாரம் தீனி வீண். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று போடுவதற்கு முந்திய இரண்டு மாதம் பால் கறக்கக்கூடாது.

இந்தக் கடைசி வசனத்தைக் கடன் பத்திரத்தோடு வைத்துப் படியுங்கள். பால் வற்றிய அந்த இரண்டு மாதமும் தவணை கட்ட வேண்டுமா? கிடாரியைத் தந்துவிட்டு அடுத்த மாதமே தவணை கேட்கிறார்களா? மாடு செத்தால் கடன் யாருக்கு? கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையில் மாட்டைக் காப்புறுதி செய்ய முடியும். அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது? பாலை இவருக்குத்தான் விற்க வேண்டும், தவிட்டையும் புண்ணாக்கையும் இவரிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் விலையை எழுதுவது யார்? துண்டு முறையை விளக்கியது இதற்காகத்தான்.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் வரிசையில் இப்போது மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கிழமைக்கு அவர்கள் அறுக்கும் புல்லைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். யார் அறுத்தார், எங்கே அறுத்தார், எத்தனை மணித்தியாலம் சென்றது என்பதையும் குறியுங்கள். அதே கிழமையின் பால் பணத்தையும், வாங்கிய புண்ணாக்கின் செலவையும் பக்கத்தில் எழுதுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திட எண்ணியிருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள். எல்லோருமாக இருந்து, ஒவ்வொரு வரியாக, உரத்து வாசிப்போம்.