பூகம்பமும் அயலாரும்

நிலத்தைப் பொறுமைக்கு உவமையாகக் கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. தன்னை வெட்டுவோரையும் வெறாது சுமப்பது நிலமென்று திருவள்ளுவர் அதனைப் பாராட்டினார். இப்பாராட்டிலே பழகிய நாம், அந்நிலமே ஒருகால் நடுங்குமென்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. புயலுக்கு அஞ்சுகின்றோம், வறட்சிக்கு அஞ்சுகின்றோம், காலூன்றி நிற்கும் தரைக்கு மட்டும் அஞ்சுவதில்லை. ஒட்டன்சத்திரத்தில் எவரையேனும் நோக்கி, "நம்மூரில் பூகம்பம் வருமோ?" என்று வினவின், "அது வடநாட்டிலன்றோ வரும்!" என்ற விடையே கிடைக்கும். அவ்விடை எத்துணை மெய், எத்துணைப் பிழை என்று ஆராய்வதும், ஒரு தெருவார் கூடிச் செய்யத்தக்க முன்னேற்பாடு யாதென்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

நிலம் நடுங்குவதேன்?

பூமியின் மேலோடு ஒரே பாறையன்று; பல பெருந்தட்டுகளாகப் பிளவுண்டு கிடப்பது. அவற்றுள் இந்தியத் தட்டு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடதிசை நோக்கி நகர்ந்து, ஆசியத் தட்டை நெருக்குகின்றது. அந்நெருக்கத்தின் பெரும்பகுதியை இமயமலைப் பகுதி தாங்குகின்றது. எனவே ஆங்குப் பூகம்பம் மிகுதி. எனினும் அந்நெருக்கத்தின் ஒரு சிறுபகுதி தென்னாட்டின் பழம்பாறைகளிலும் சேர்கின்றது. பாறையிலுள்ள பழைய வெடிப்பொன்று இனித் தாங்கமாட்டாது வழுக்கும்போது, சேர்ந்த ஆற்றல் அலைகளாய்ப் பரவி நிலத்தை அசைக்கின்றது. பூகம்பத்தின் அளவெண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டுச் சான்றுகள்

1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாமில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தின் பின்னர், இந்தியாவில் முதன்முதல் நிறுவப்பெற்ற பூகம்பமானிகளுள் ஒன்று கொடைக்கானல் வானாய்வகத்தில் வைக்கப்பெற்றது. நம் ஊரிலிருந்து தெற்கே நோக்கின் தோன்றும் மலைத்தொடரிலேயே, நூறாண்டுகட்கு முன்னமே நிலத்தின் நாடி பார்க்கப்பட்டது. அண்மையிலேயே நாடி பிறழவும் செய்தது: 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், பாலக்காட்டுக் கணவாயை அடுத்துக் கோயம்புத்தூர்ப் பக்கத்தே பூகம்பம் ஒன்று தோன்றித் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 6 எனக் கணித்துள்ளனர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் மேற்கு மலைக்கு அப்பால் இடுக்கி, கோட்டயம் பகுதியிலும், 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் புதுச்சேரிக் கடலிலும் நிலம் அதிர்ந்தது. 2002-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற பூகம்ப வரைபடம் நம் மாநிலத்தை இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் வைத்தது. கோயம்புத்தூர் மூன்றாம் வகுப்பில் அடங்கிற்று. ஆகவே, பூகம்பம் வடநாட்டுக்கே உரியதென்பது பிழை; அங்குப்போல் அடிக்கடி இங்கு வருவதில்லை என்பதே மெய்.

அரிதாய் வருவதாயின் அஞ்சுவதேன் எனச் சிலர் வினவலாம். அவர்க்கு விடையாக நிற்பது மராட்டிய நாட்டுக் கில்லாரி என்னும் சிற்றூர். அவ்வூர் அமைந்த லாத்தூர்ப் பகுதி அந்நாளைய வரைபடத்தில் முதல் வகுப்பில், அஃதாவது யாவற்றினும் அச்சங் குறைந்த வகுப்பில் இருந்தது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், பிள்ளையார் விழாவை முடித்து மக்கள் அயர்ந்துறங்கிய விடியற்காலை 3.56 மணிக்கு, 6.2 அளவுடைய பூகம்பம் வந்தது. கோயம்புத்தூரில் வந்ததற்கும் இதற்கும் அளவில் மிக்க வேறுபாடில்லை. ஆயினும் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 வரை மாந்தர் மாண்டனர். கரடுமுரடான கற்களை மண்சாந்தினால் அடுக்கிய தடித்த சுவர்களும், அவற்றின்மேல் ஏற்றிய பாரமான மண்கூரைகளும் உறங்கினார் மேல் வீழ்ந்தன. கொன்றது நிலமன்று, வீடு. 2002-ஆம் ஆண்டில் அந்த முதல் வகுப்பையே நீக்கி இரண்டாவதனோடு சேர்த்துவிட்டனர். அச்சமற்ற இடம் என்று ஒன்று இல்லை என்பதே அதன் பொருள்.

நம் தெருவை நோக்குவோம்

நம் ஊரில் கல்லும் மண்ணும் கலந்த பழஞ்சுவர் ஓட்டு வீடுகள் இன்னும் உள. கடைத்தெருவிலோ, கீழ்த்தளம் சுவரின்றித் தூண்களால் மட்டும் நிற்கும் கடையாகவும், மேல்தளங்கள் வீடாகவும், அதன்மேல் பெரிய நீர்த்தொட்டியாகவும் அமைந்த கட்டடங்கள் பல. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் பூஜ் பூகம்பத்தில், நடுவிடத்துக்கு 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்தில், கீழ்த்தளம் திறந்துகிடந்த மாடிக் கட்டடங்கள் பல சரிந்ததை நாம் மறத்தலாகாது. புதிதாய்க் கட்டுவோர் கதவு, ஜன்னல் நிலைகளின் மேல்மட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றியோடும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை அமைத்தல் வேண்டும். அதனால் ஆகும் செலவு சிறிது. காக்கும் உயிரோ பல.

நிற்க. வீட்டை உடனே மாற்றல் எல்லார்க்கும் இயல்வதன்று. தெருவை ஆயத்தம் செய்தல் எல்லார்க்கும் இயலும். சென்ற கோடை விடுமுறையில் நாம் தோழர் சிலருடன் எமது தெருவில் வீடுதோறும் சென்று மூன்று வினாக்கள் கேட்டோம். சமையல் வாயு உருளையை மூட வீட்டில் யார் யார்க்குத் தெரியும்? மின்சாரத்தின் தலைமை விசை எங்குள்ளது? அண்டை வீட்டில் தாமாக நடந்து வெளியேற இயலாதவர் யார்? பாட்டி ஒருவர், "தம்பிகளா, விளக்கு வைக்கிற நேரத்தில் அபசகுனமாய்ப் பேசாதீர்கள்" என்று கடிந்துகொண்டார். முதலிரு வினாக்கட்குப் பலர் விடை கூறினர். மூன்றாவதற்கு விடை கூறியவர் மிகச் சிலரே. எமது வீட்டிற்கு நான்காம் வீட்டு மாடியில் பக்கவாதத்தாற் படுத்த முதியவர் ஒருவர் இருக்கின்றார் என்பதை யாமே அன்றுதான் அறிந்தோம். பன்னிரண்டாண்டு அத்தெருவில் வாழ்ந்தும் அறியாதிருந்தமைக்கு நாணினோம்.

முதலில் வருவோர் யார்?

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பெற்றது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஆணையம் உண்டு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பிரிவு அரக்கோணத்தில் உள்ளது. அவர் திறமையில் ஐயமில்லை. ஆயினும் அரக்கோணத்திலிருந்து ஒட்டன்சத்திரம் வரப் பல மணி நேரமாகும். இடிபாட்டில் மூச்சுத் திணறுவோர்க்கு அந்நேரமில்லை. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் ஜப்பானியக் கோபே நகரில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்ட பூகம்பத்தில், உயிருடன் மீட்கப்பெற்றோருள் மிகப் பலரை வெளியே எடுத்தவர் குடும்பத்தாரும் அயலாருமே. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. அவ்வூரார் தங்கள் ஒலிபெருக்கியில் உடனே கூவி அறிவித்தமையால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். அரசின் வண்டி வருமுன் ஊரின் குரல் சென்றது.

இவ்வகையில் ஒட்டன்சத்திரம் பிற ஊர்களினும் பேறுடையது. நம் காய்கறிச் சந்தையில் இரவும் பகலும் மூட்டை தூக்குவோர், பாரத்தை எவ்வாறு ஒருமித்து எடுத்து ஒருமித்து இறக்குவதென்பதை நன்கறிந்தவர். கேரளத்துக்குச் செல்லும் லாரிகள் ஒவ்வொன்றிலும் ஜாக்கியும் வடக்கயிறும் தார்ப்பாயும் உள. சரிந்த கூரையை விரல்கடையளவு உயர்த்தி, உடனே மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, மீண்டும் உயர்த்துவதற்கு அந்த ஜாக்கியே போதும். காயமுற்றோரை ஏற்க மருத்துவமனைகள் ஊரிலேயே உள. கருவியும் உண்டு, கையும் உண்டு. இல்லாதது பயிற்சி ஒன்றே.

ஒத்திகை செய்யும் முறை

பயிற்சியின்மையால் வரும் கேட்டை நாம் நூலிற் கற்க வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். வெளியேறும் வழியும், வெளியேறும் பழக்கமும் இல்லாத இடத்தில் ஆபத்து எவ்வளவு விரைவாக வெல்லுமென்பதற்கு அஃதொன்றே சாலும்.

தெருவார் கூடி முதலில் ஒரு படம் வரைதல் வேண்டும். அதில் வீடுகள், கிணறு, மின்கம்பம், திறந்தவெளி, நடக்க இயலாதவர் படுக்கை ஆகியவை குறிக்கப்பெறும். அத்தகைய ஒவ்வொருவர்க்கும் அண்டையார் இருவர் பொறுப்பேற்பர். கடப்பாரை, மண்வெட்டி, வடம், விளக்கு, ஊதுகுழல், முதலுதவிப் பொருள்கள் ஆகியவை பூட்டப்படாத ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்.

அடையாள ஒலி எழுந்தவுடன், உள்ளிருப்போர் குனிந்து, உறுதியான மேசையடியிற் புகுந்து, தலையைக் காத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். அசையும்போது மாடிப்படியில் ஓடலாகாது. வெளியிலிருப்போர் சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகி நிற்க வேண்டும். ஒரு நிமிடங் கழித்து இரண்டாம் ஒலி எழுப்பின், வாயுவையும் மின்சாரத்தையும் அடைத்துத் திறந்தவெளியிற் கூடுவர். வாயுவின் நாற்றம் வீசின் மின்விசையைத் தொடலாகாது. தீக்குச்சி கிழித்தலும் ஆகாது. ஆங்கு வீட்டுக்கொருவர் தலை எண்ணிக் கூறுவர். பின் ஒரு நிமிடம் அனைவரும் பேசாதிருந்து செவிகொடுப்பர். இடிபாட்டுள் தட்டும் ஓசை அவ்வமைதியிலேதான் கேட்கும். 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டறையின் 1077 ஆகிய எண்களைச் சிறுவரும் மனப்பாடம் செய்தல் வேண்டும். தொடரதிர்ச்சி வருமாதலின் விரிசல் கண்ட வீட்டினுள் எப்பொருளுக்காகவும் திரும்பப் புகலாகாது.

ஒத்திகை ஒருமுறை இரவிலும் நடைபெறுக. கில்லாரியும் கோபேயும் விடியுமுன்னரே வீழ்ந்தன. ஜப்பானியர், 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் நினைவாக, 1960 முதல் செப்டம்பர் 1-ஆம் நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கொண்டு பயில்கின்றனர். நாம் பிப்ரவரி 8-ஆம் நாளைக் கொள்வோமாக. பூகம்பம் வாராதொழியினும் இப்பழக்கம் வீணாகாது. தீக்கும் வெள்ளத்துக்கும் அதுவே காவல்.

முடிவுரை

பிறன் யார் என்ற வினாவிற்கு நம் ஆண்டவர் நல்ல சமாரியன் கதையை விடையாக அருளினார். அவனது இரக்கத்தைப் பலரும் புகழ்வர். அவன் கையிலிருந்த பொருள்களை நினைப்பார் சிலரே. எண்ணெயும் திராட்சரசமும் காயங்கட்டுந் துணியும், ஏற்றிச்செல்ல வாகனமும், கொடுக்கப் பணமும் அவனிடம் இருந்தன. ஆயத்தமில்லா இரக்கம் வழியிற் கிடந்தவனருகே அழுதுகொண்டு நின்றிருக்கும். அவன் காயமுற்றவனைக் கொண்டு சேர்த்த இடத்தைத் தமிழ் வேதாகமம் சத்திரம் என்றே குறிக்கின்றது. பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கிய ஊரினராகிய நாம், நான்காம் வீட்டு மாடியில் உள்ளவரை இன்றே அறிந்துகொள்வோமாக. அதற்கான அன்பையும் முயற்சியையும் இறைவன் நமக்கருள்வாராக.