மே மாதத்துக்கு முந்தைய பதினொரு மாதங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா நகரில் மே மாதம் நடக்கும் வீட்டு முற்றத் திருவிழாவின் படங்களைப் பார்த்துவிட்டு நீ கேட்டிருப்பது நல்ல கேள்வி. வெள்ளைச் சுவர், நீலத் தொட்டி, சிவப்புப் பூ, இவ்வளவுதானே. கையில் பணமுள்ள எந்த நகராட்சியும் ஒரே மாதத்தில் இதைச் செய்துவிடாதா என்கிறாய். செய்ய முடியாது என்பதே என் பதில். அந்தப் பூக்களோடு ஆண்டு முழுக்கக் குடியிருப்பவர்கள்தான் அந்த விழாவை நடத்துகிறார்கள். அவர்கள் வெளியேறிவிட்டால் தொட்டிகள் அத்தனையும் இருந்தாலும் விழா இராது. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த வீட்டைப் புரிந்துகொள். ஆண்டலூசியாவில் குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் இருக்கிறது கோர்தோபா. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே வழக்கம். ரோமானியர்கள் நடுமுற்றம் வைத்து வீடு கட்டினார்கள். பிறகு பத்தாம் நூற்றாண்டில் நகரம் ஓர் அரபுக் கலீபாவின் தலைநகராக விளங்கிய காலத்தில், தண்ணீரும் செடியும் நிழலும் அந்த முற்றத்தில் இன்னும் அழுத்தமாக இடம்பிடித்தன. தெருப்பக்கம் வெறும் சுவர், உள்ளே வானம் பார்த்த முற்றம், நடுவில் கிணறோ நீரூற்றோ. நம் தொட்டிக்கட்டு வீட்டை நினைத்துக்கொள், பாதி புரிந்துவிடும். இரவில் இறங்கும் குளிர்காற்றை முற்றம் பிடித்துவைக்கிறது. தடித்த சுவர்கள் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடுகின்றன. சுண்ணாம்பு வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஈரத்தரையும் இலைகளும் காற்றைக் குளிரவைக்கின்றன. ஆக, அங்கே பூச்செடி வெறும் அலங்காரம் அன்று. வெயிலைத் தாங்கி வாழ அந்த மக்கள் கண்ட வழிகளில் அதுவும் ஒன்று.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. திருவிழாவுக்குப் பேர்போன முற்றங்களில் பல, செல்வந்தர் வீட்டு முற்றங்கள் அல்ல. பன்னிரண்டு முற்றங்கள் கொண்ட வியானா அரண்மனை அந்த நகரில்தான் இருக்கிறது, அழகான இடம்தான். ஆனால் விழாவின் உயிர் சான் பசிலியோ, சாந்தா மரீனா, சான் லொரென்சோ போன்ற பேட்டைகளின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தது. ஒரே வீட்டில் அறைக்கொரு குடும்பம். கிணறும் துணி துவைக்கும் தொட்டியும் எல்லாருக்கும் பொது. இடம் நெருக்கடியான அந்த வாழ்வில் எல்லாரும் சேர்ந்து அழகாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே இடம் முற்றம். முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வீட்டுச் செடியின் தண்டை ஒடித்து அடுத்த வீட்டில் நட்டார்கள். மாலையில் அங்கேயே கித்தார் வாசித்துப் பாடினார்கள், ஆடினார்கள். 1921இல் நகராட்சி முற்றங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. 1933இல் மீண்டும் தொடங்கிய போட்டியை உள்நாட்டுப் போர் நிறுத்தியது. 1944இல் அது மறுபடி உயிர்பெற்றது. 2012இல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தொடரைக் கவனி. கட்டடத்தையோ தோட்டத்தையோ பட்டியலிடும் ஏற்பாடு அன்று அது. மக்கள் சேர்ந்து செய்துவரும் ஒரு வழக்கத்தை, அதற்குள் இருக்கும் பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்து அங்கீகரிக்கும் ஏற்பாடு.

இனி வேலையைப் பார். சுவர் முழுக்கத் தொங்கும் தொட்டிகளில் பெரும்பாலும் ஜெரேனியம். அதன் கொடிவகையை அவர்கள் 'ஹிதானியா' என்கிறார்கள். கார்னேஷன், மல்லிகை, காகிதப்பூ, நாரத்தை ஆகியவையும் உண்டு. ஒரு முற்றத்தில் நூற்றுக்கணக்கான தொட்டிகள் இருக்கும். இரண்டு ஆள் உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு எட்டித் தண்ணீர் விட, நீண்ட நாணல் கழியின் நுனியில் தகர டப்பா கட்டிய கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் டப்பா டப்பாவாக, கோடையில் நாள் தவறாமல். காய்ந்த பூவைக் கிள்ள வேண்டும். தண்டு நட்டுப் புதுச்செடி எழுப்ப வேண்டும். விழாவுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இதில் ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நாம் ஜெரேனியம் என்று சொல்லும் இந்தச் செடியின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கப் பகுதி. ஆண்டலூசியாவின் அடையாளமாகிவிட்ட பூ, கடல் கடந்து வந்து குடியேறிய பூ. 1990ஐ ஒட்டி, அதே தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சியும் ஸ்பெயினின் பாலேயாரிக் தீவுகளுக்கு வந்துசேர்ந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதன் புழு தண்டைத் துளைத்து உள்ளே இருந்து தின்னும். வெளியே தெரிவது ஊசி முனையளவு ஓட்டைதான். தினமும் செடியருகே நிற்கிறவர் கண்ணுக்குத்தான் அது படும்; மாதம் ஒருமுறை வரும் ஒப்பந்தக்காரர் கண்ணுக்குப் படுவதற்குள் செடி கருகியிருக்கும்.

"நாற்றுப்பண்ணையிலிருந்து பூத்த செடிகளை இறக்கிவிட்டால்?" என்று நீ மறித்துக் கேட்கலாம். அப்படி நடக்கும் நல்ல விழாக்களும் உண்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1988 முதல் நடக்கும் ஃப்ளோரியாட் விழாவுக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் அளவில் கிழங்குகளும் செடிகளும் பூங்காவில் நடுகிறார்கள். அங்கே இளவேனில் செப்டம்பரில் தொடங்குகிறது. விழா முடிந்ததும் பாத்திகள் காலியாகும். அது பொதுப் பூங்காவில் தேர்ந்த தோட்டக்காரர்கள் நடத்தும் விழா. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோர்தோபாவில் அந்நியர் ஒருவர் நுழைவது ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள். அந்த விருந்தோம்பலை எந்தப் பண்ணையிலும் வாங்கி வர முடியாது.

போட்டியில் தரும் பரிசுப்பணம் இந்த அழகைக் கெடுக்காதா என்பது இன்னொரு தடை. நான் அப்படி நினைக்கவில்லை. சுண்ணாம்புக்கும் உரத்துக்கும் செலவு உண்டு. போட்டி முற்றங்களுக்குள் போக நுழைவுக் கட்டணமும் கிடையாது. உழைப்பவர்களுக்கு ஊர் ஒரு பங்கு திருப்பித் தருவது நியாயம். நடுவர்கள் பூவை மட்டும் எண்ணுவதில்லை. கட்டட அமைப்பு, இயற்கை ஒளி, தண்ணீர் என்று வீட்டை முழுதாகப் பார்க்கிறார்கள். பழைய கட்டடங்களும் புதுக்கட்டடங்களும் தனித்தனிப் பிரிவில் போட்டியிடுகின்றன. வறண்ட நாட்டில் இவ்வளவு நீரைப் பூவுக்கு விடலாமா என்பதற்கும் பதில் அந்தத் தகர டப்பாவிலேயே இருக்கிறது. அளந்து ஊற்றிய நீர் செடியை வாழவைத்து வீட்டையும் குளிரவைக்கிறது.

எனக்கு முழுமையான விடை கிடைக்காத தடை கூட்டம்தான். மே மாத முற்பகுதியில் ஏறத்தாழ இரண்டு வாரம், சிறிய முற்றங்களுக்கு வெளியே வரிசை நீள்கிறது. வீட்டுக்காரர் நாள் முழுக்க வாசலில் நிற்கிறார். அதைவிடப் பெரிய ஆபத்து, விழாவின் புகழால் பழைய பேட்டைகளில் வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறுவது. வாடகை ஏறினால் இளையவர்கள் வெளியேறுகிறார்கள். முற்றத்தைப் பேணுவோர் முதியவர்களாகவே எஞ்சுகிறார்கள். விழாவை நிறுத்துவது இதற்கு மருந்தாகாது. குடியிருப்பைக் காப்பதுதான் மருந்து. நகரின் அஹெர்கியா பகுதியில் ஆளில்லாமல் கிடக்கும் முற்ற வீடுகளைக் கூட்டுறவாகச் சேர்ந்து மீட்டுக் குடியேறும் முயற்சி ஒன்று நடக்கிறது. எத்தனை விளம்பரப் பலகை வைத்தாலும் அந்த முயற்சிக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

அதனால் உன் ஊருக்கு ஒரு வசந்த விழாவை நீ திட்டமிடுவதானால், பூப்பட்டியலைப் பிறகு போடு. எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் வாடகை என்ன, அங்கே எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்று முதலில் கேட்டு எழுது. எழுதியதை எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்