பெர்கனுக்காகக் கன்னியாகுமரியைச் சுமக்கலாமா?

கேள்வி: நார்வேயின் பெர்கன் பகுதியை ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு ஏ1 தாளில் அச்சிட முயல்கிறேன். நில அடுக்கைச் சேர்த்தாலே பிடிஎஃப் உருவாகாமல் கணினி திணறுகிறதே, ஏன்?

பதில்: நீங்கள் இறக்கியது வெட்டாத நிலக் கோப்பாக இருக்கும். அதில் யூரேசியப் பெருநிலம் முழுதும் ஒரே பலகோணம். பெர்கன் கரையை வரைய, கன்னியாகுமரிக் கரையையும் சேர்த்தே மென்பொருள் தூக்குகிறது!

முதலில் தாளின் எல்லைக்குச் சற்று வெளியே ஒரு செவ்வகம் போட்டு நிலத்தை வெட்டுங்கள். அந்த ஓரம்தான் முக்கியம். இல்லையென்றால் வெட்டுக்கோடும் கரைக்கோடாக அச்சில் விழும். வெட்டும்போது பிழை வந்தால், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வடிவங்களைச் சரிசெய்யும் கருவியை முன்னதாக ஓட்டிவிடுங்கள்.

அடுத்தது கரைக்கோட்டின் முனைப்புள்ளிகளைக் குறைப்பது. 300 டிபிஐ அச்சில் ஒரு அச்சுப்புள்ளி ஏறக்குறைய 0.085 மி.மீ. 1:1,00,000 அளவில் அது தரையில் 8.5 மீட்டர். அதைவிட நுணுக்கமான வளைவு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் தாராளமாகக் குறைத்தால் ஒடுங்கிய ஃபியோர்டுகள் அடைபட்டுப்போகும். நான் 5 மீட்டரோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏற்கெனவே துண்டுகளாக வெட்டிய கோப்பும் கிடைக்கிறது, வேகமும் அதிகம். ஆனால் கரைக்கோடு வரைந்தால், துண்டுகள் சேரும் இடங்களில் அவற்றின் ஓரங்களும் பிடிஎஃபில் கோடுகளாக எட்டிப்பார்க்கும். தாளளவுக்கு வெட்டியபின் துண்டுகளை ஒன்றாக இணைத்துவிட்டால் அந்தக் கோடுகள் மறையும்.