தலைப்பிள்ளைக்கு முன்பே நிரம்ப வேண்டிய கிணறு

கோடையில் இறைக்கத் தொடங்கிய பின்புதான் கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தது என்பது தெரியவரும். தலைப்பிள்ளை சுமக்கும் பெண்ணின் உடலிலுள்ள இரும்புச் சத்தும் அப்படித்தான். ஒரு கர்ப்பகாலத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதிற் பெரும்பகுதி பிந்திய மாதங்களிலேயே தேவைப்படுகிறது. ஆகவே முதல் மூன்று மாதத்திற் காணப்படும் இரும்புக் குறைபாட்டுச் சோகை, பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கியதாகும்.

100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால், அக்காலத்தில் அது குருதிச்சோகை எனப்படும். அநுராதபுர மாவட்டத்தில் 2019 இல் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ ஏழு தாய்மாரில் ஒருவருக்குச் சோகை இருந்தது. களைப்பையும் தலைச்சுற்றையும் மசக்கை என்று விட்டுவிடுவதால் நோய் மறைந்திருக்கும். குறைமாதப் பிறப்பு, நிறை குறைந்த குழந்தை, பிள்ளைப்பேற்றின் குருதிப்பெருக்கைத் தாங்க இயலாமை என்பன இதன் விளைவுகள்.

யாருக்கு ஆபத்துக் கூட?

1. வளவை இழந்தோர். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் எம்மவர் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு முருங்கையும் கீரைப்பாத்தியும் கோழிக்கூடும் போயின. எல்லாவற்றையும் கடையில் வாங்கும் குடும்பத்தில் முதலிற் குறைவது முட்டை, மீன், இறைச்சி.
2. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் மருமகள்.
3. மாதவிடாயின்போது அதிக குருதி இழப்பவர்.
4. இருபது வயதுக்குக் குறைந்தவர். அவருடைய உடலே இன்னும் வளர்கிறது.
5. தோட்டத்தில் வெறுங்காலுடன் நிற்பவர், மலசலகூட வசதி குறைந்த இடத்தில் வாழ்பவர். கொழுக்கிப்புழு காற்தோலைத் துளைத்துப் புகுந்து, குடலிற் குருதியை உறிஞ்சும்.
6. சாப்பாட்டோடு தேநீர் குடிப்பவர். தேயிலைச் சாயம் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும்.

என்ன செய்யலாம்?

கலியாணம் நிச்சயமானவுடனே தொடங்குங்கள். பாடசாலையிற் கொடுக்கும் இரும்பு மாத்திரையை மகள் வீசிவிடாமற் பாருங்கள். கறியை இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். அது கீரையிலும் பயறிலுமுள்ள இரும்பு உடலிற் சேர உதவும். நெத்தலியும் முட்டையும் முதலில் அவளுடைய கோப்பையில் விழட்டும். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ குடிக்கலாம். தோட்டத்துக்குச் செருப்பில்லாமற் போகவேண்டாம். தற்காலிகக் கொட்டிலாயினும் வேலியோரம் ஒரு முருங்கைத் தடி நடலாம்.

மாதவிடாய் தவறினால் எட்டு வாரத்துக்குள் குடும்பநல மாதுவிடம் பதிந்து குருதியைச் சோதிப்பியுங்கள். தலசீமியாவாலும் சோகை வரும். அதற்கு மருத்துவம் வேறு. எனவே மாத்திரையையோ குடற்புழு மருந்தையோ தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. திரிபோஷா கிடைத்தால் அது தாய்க்கென்றே தரப்பட்டது. வீட்டார் பங்கிட வேண்டாம்.

வயலுக்கு அடிப்பசளை இடாமல் நாற்று நடுவோமா? இறைவன் தரும் உயிருக்கும் அந்த ஆயத்தம் வேண்டும்.

கலந்துரையாடலுக்கு:
அ. எமது வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?
ஆ. எமது முகாமில் அல்லது குடியிருப்பில் பொதுவாக ஒரு கீரைத்தோட்டம் போட இடமுண்டா?