பழைய ஈ-ஃபிளாட் டியூபா வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன் என்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். அடிக்குரலுக்கு ஒரு டியூபா இருந்தால் குழு நிறைவாகிவிடும். கலைந்துபோன ஒரு பேண்ட் செட்டிலிருந்து இங்கிலாந்தில் செய்த சின்ன ஈ-ஃபிளாட் டியூபா விலைக்கு வருகிறது. பெல்லில் ‘பெசன்’ என்று பொறித்திருக்கிறது. 3 வால்வு. வெள்ளி முலாம் பாதி போய்விட்டது, பெல் ஓரத்தில் இரண்டு இடத்தில் நசுங்கியும் இருக்கிறது. ‘பழசு வேண்டாம், புதிதாகப் பெரிய பி-ஃபிளாட் டியூபாவே வாங்குங்கள்’ என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐந்து பேர் குழுவுக்குச் சின்ன டியூபாதான் பொருத்தம். பி-ஃபிளாட் டியூபாவின் குழாய் நீளம் சுமார் 5.5 மீட்டர், ஈ-ஃபிளாட்டுக்குச் சுமார் 4 மீட்டர். முப்பது பேர் வாசிக்கும் பேண்டுக்கு அந்தப் பெரியது வேண்டும். உங்கள் குழுவில் அது ஹார்னையும் டிராம்போனையும் அமுக்கிவிடும். ஈ-ஃபிளாட்டின் ஒலி தெளிவானது, மேல் ஸ்தாயியிலும் சுலபமாக ஏறும். வான் வில்லியம்ஸ் 1954-ல் எழுதிய டியூபா கான்செர்டோவை முதலில் வாசித்த பிலிப் கேட்டலினெட், இரட்சணிய சேனையைச் சேர்ந்தவர். அந்த இசையைக் கேட்டுப்பாருங்கள். டியூபா எவ்வளவு இனிமையாகப் பாடும் என்று தெரியும்.

முலாமையும் நசுங்கலையும் பற்றிக் கவலை வேண்டாம். பெல் ஓரத்து நசுங்கல் ஒலியைக் கெடுப்பதில்லை, கைதேர்ந்த வேலைக்காரர் எடுத்துவிடுவார். நீங்கள் கவலைப்பட வேண்டியது சுருதியைப் பற்றி.

பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரை ‘ஹை பிட்ச்’ என்ற உயர்ந்த சுருதியில்தான் வாசித்தன. இன்று ஏ சுரம் 440 அதிர்வு என்றால், அன்று அவர்களுக்கு ஏறக்குறைய 452. அதாவது அரை சுரத்தில் பாதி அளவு கூடுதல். எல்லோரும் அதே சுருதியில் வாசித்த வரை தொல்லை இல்லை. இன்றைய டிரம்பெட்டோடும் ஆர்கனோடும் சேர்ந்தால் காது கூசும். அதனால் போகும்போது ட்யூனரையும் எடுத்துக்கொண்டு போங்கள். வால்வு எதையும் அழுத்தாமல் நடு ஈ-ஃபிளாட்டை நிதானமாக ஊதுங்கள். ட்யூனர் முள் ஈ-ஃபிளாட்டுக்கும் ஈ-க்கும் நடுவில் நின்றால் அது ஹை பிட்ச் வாத்தியம்.

மெயின் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்யலாமே என்பார்கள். கணக்குப் பாருங்கள்: 4 மீட்டர் குழாயை இன்றைய சுருதிக்கு இறக்க 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூட்ட வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே இழுக்க வேண்டிவரும். அது முடிந்தாலும், வால்வுக் குழாய்கள் பழைய நீளத்திலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் அதே விகிதத்தில் நீட்டினால்தான் அழுத்தி வாசிக்கும் சுரங்கள் ஒத்துவரும். மெயின் ஸ்லைடில் மட்டும் புதிதாக ஒட்டுப்போட்ட குழாய் தெரிந்தால், யாரோ பாதி வேலையோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முழு வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழிக்கச் சம்மதித்தால் ஒழிய வாங்காதீர்கள்.

அடுத்தது வால்வு. விற்பவர் கெட்டி எண்ணெய் விட்டு வைத்திருந்தால் காற்றுக் கசிவு தெரியாது. பிஸ்டனைத் துடைத்து, லேசான வால்வு எண்ணெய் விட்டுவிட்டுப் பாருங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் இழுங்கள், சில விநாடி பொறுங்கள், பிறகு வால்வை அழுத்துங்கள். ‘பட்’ என்று சத்தம் வந்தால் பிஸ்டன் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் தேய்ந்துவிட்டது. பிஸ்டனுக்கு மறுபடி முலாம் ஏற்றிக் கூட்டோடு இழைத்துப் பொருத்துவது நுணுக்கமான, செலவு பிடிக்கும் வேலை. அப்படிப்பட்டதை விட்டுவிடுவதே நல்லது.

மவுத்பீஸ் செருகும் குழாயை வெயிலில் வைத்துப் பாருங்கள். முலாம் போன இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் அவற்றின் நடுவே கறுப்புப் பொட்டும் இருந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் உள்ளிருந்தே அரித்து வெளியேறுகிறது. அந்தக் குழாய் ஒன்றில் மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம், பல இடத்தில் என்றால் வேண்டாம். பழைய மவுத்பீஸையும் கேட்டு வாங்குங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் டியூபாக்களின் துளை சிறியது. இன்றைய தடித்த மவுத்பீஸ் நுனியோடு நின்றுவிடும், சுருதியும் ஆட்டம் காணும்.

3 வால்வு போதுமா? பாமாலைகளின் பேஸ் குரலுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது இறங்கும் கடைசிச் சுரம் அடி ஏ. பெரிய டியூபாவுக்கு எழுதிய பகுதிகளில் அதற்கும் கீழே வரும் ஏ-ஃபிளாட், ஜி, எஃப் இதில் கிடைக்காது. முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி சற்று ஏறும், மூன்றையும் அழுத்தினால் இன்னும் ஏறும். வால்வுகளின் பின்புறம் கூடுதலாகச் சின்னச் சின்ன வளைவுக் குழாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது டேவிட் பிளெய்க்லி 1874-ல் காப்புரிமை பெற்ற ‘காம்பென்சேட்டிங்’ முறை, அந்தக் குறையைத் தானே ஈடுகட்டிவிடும். அப்படிப்பட்டது இன்றைய சுருதியில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பழைய டியூபாவின் வால்வுகள் காலையில் இறுகிப்போய் நிற்கின்றன. தேங்காய் எண்ணெய்தான் விடுகிறோம். துரு பிடித்திருக்குமோ?
– வாசகர், குன்னூர்

பதில்: துரு அல்ல. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உங்கள் ஊர்க் காலை அதைவிடக் குளிர்ந்தது. உறையாத ஊரிலும் அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து, பச்சைக் களிம்போடு சேர்ந்து பசையாகிவிடும். பிஸ்டன்களைக் கழற்றுங்கள். அவற்றில் 1, 2, 3 என்று எண் இருக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பிரஷ் விட்டுக் குழாய்களைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும். ஸ்லைடுகளுக்கு வாசலின், வால்வுகளுக்கு வால்வு எண்ணெய். எங்கேயாவது ஸ்லைடு சிக்கிக்கொண்டால் குறடு போட்டு இழுக்காமல் வேலைக்காரரிடம் கொடுங்கள்.

இரு வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பண்டிகைக்குப் பளபளக்க வேண்டும் என்று வெள்ளி முலாம் பூசிய வாத்தியத்தைப் பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் முலாமும் அதோடு போய்விடும்.